கோபோல் தொடரமைப்பும் நகைச்சுவையும்

கோபோல் (கோபால் எனவும் எழுதப்படுவதுண்டு) என்பது வணிகப் பயன்பாடுகளுக்காக 1959இல் வடிவமைக்கத் தொடங்கப்பட்ட நிரலாக்க மொழி ஆகும். கணிதக் குறியீடுகளைக் காட்டிலும் ஆங்கிலச் சொற்களை மிகுதியாகப் பயன்படுத்தும் இதன் தொடரமைப்பு, நிரலாளர்களிடையே நெடுங்காலமாக நகைப்புக்கு உள்ளாகி வருகிறது.

பின்னணி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவுடன் அமைந்த கோடசில் குழு இம்மொழியை உருவாக்கியது. கிரேசு ஹாப்பரின் புளோ-மேட்டிக் இதற்கு முன்னோடியாகும். நிரல் எழுதத் தெரியாத மேலாளர்களும் நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கங்களுள் ஒன்று.

தொடரமைப்பு

சி மொழியில் "தொகை = விலை * அளவு;" என்னும் வடிவில் அமையும் கணக்கை, கோபோலில் "மல்ட்டிப்ளை விலை பை அளவு கிவிங் தொகை." என எழுதலாம். "விலையை அளவால் பெருக்கித் தொகையில் இடுக" என்பது இதன் பொருள். "கம்ப்யூட்" என்னும் கூற்றின் மூலம் சூத்திரமாக எழுதவும் வழியுண்டு. நிரலானது அடையாளம், சூழல், தரவு, செயல்முறை என நான்கு பிரிவுகளாகப் பகுக்கப்படும்.

நகைச்சுவைகள்

* சி++ என்னும் பெயரிலுள்ள "++" ஒன்றைக் கூட்டுவதற்கான குறியாகும். அதுபோலப் பொருள்நோக்குக் கோபோலுக்கு "ஆட் 1 டு கோபோல் கிவிங் கோபோல்" என்பதே பொருத்தமான பெயர் என்பர்.
* 1972இல் கேலிக்காக உருவாக்கப்பட்ட இன்டர்கால் மொழியில் "ப்ளீஸ்" (தயவுசெய்து) என்னும் சொல் குறைந்தால் பணிவு போதாதென்றும், மிகுந்தால் பணிவு மிகையென்றும் நிரல்பெயர்ப்பி நிரலை ஏற்க மறுக்கும்.
* மொழி உருவாக்கப் பணியின் தாமதத்தால் சலிப்புற்ற ஹோவர்டு பிராம்பெர்க், கோபோலுக்கு ஒரு கல்லறைக் கல்லை வாங்கிப் பாதுகாப்புத் துறை அலுவலர் சார்லசு பிலிப்சுக்கு அனுப்பினார்.

இந்தியாவில்

1990களில் 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கும் பணிகள் டி.சி.எசு., இன்ஃபோசிசு முதலிய இந்திய நிறுவனங்களுக்கு வந்தன. ஆண்டை இரண்டே இலக்கங்களில் சேமித்திருந்த பழைய கோபோல் நிரல்களைத் திருத்துவது இவற்றில் பெரும்பகுதி. அந்நிரல்களை எழுதியவர்கள் வேறு, திருத்தியவர்கள் வேறு. பிறந்த ஆண்டு, தவணை நாள் எனத் தெளிவாகப் பெயரிடப்பட்ட புலங்களைக் கண்டறிவது எளிதாயிற்று. சுருக்கக் குறிகளால் பெயரிடப்பட்டவற்றை வரிவரியாகத் தேட வேண்டியிருந்தது. சொற்கள் படிக்க எளிதாயினும், "கோ டு" கூற்றுகளால் அங்குமிங்கும் தாவும் நிரலின் போக்கை அவை எளிதாக்கவில்லை.

இன்றைய நிலை

வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளில் கோபோல் இன்னும் பயன்பாட்டில் உள்ளது. 2020இல் கொரோனா தொற்றின்போது வேலையிழந்தோருக்கான உதவித்தொகை விண்ணப்பங்கள் குவியவே, நியூ செர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்த தன்னார்வலர்களுக்கு அழைப்பு விடுத்தார். இதன் அண்மைய பன்னாட்டுச் சீர்தரம் 2023இல் வெளியானது.

இவற்றையும் பார்க்க

* 2000ஆம் ஆண்டுச் சிக்கல்
* எழில் (நிரலாக்க மொழி)