25-ஆம் எண் வாசலும் என் பென்டிரைவும்



போன வாரம் என் தங்கை மகன் போன் செய்தான். "பெரியம்மா, உங்க பேர்ல ஒரு லாட்டரி மெயில் வந்திருக்கு. நீங்களா அனுப்புனீங்க?" என்று கேட்டான். நான் அனுப்பவில்லை. அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பல வருடமாக மனதில் கிடக்கும் ஒரு விஷயம் மேலே வந்துவிட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வரலாறு. டீச்சருக்கு வேறு எப்படித் தொடங்கத் தெரியும்!

1978 மே 3. அமெரிக்காவில் இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் இருந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தூர்க், அதில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பரக் கடிதம் அனுப்பினார். உலகின் முதல் வேண்டாத மெயில் என்று இதைத்தான் சொல்கிறார்கள். நிறையப் பேர் திட்டினார்கள். ஆனால் கணினிகளும் விற்றன! கதை தொடர்ந்ததற்கு அதுதான் காரணம்.

'ஸ்பேம்' என்பது டப்பாவில் அடைத்த இறைச்சியின் பெயர். 1970-ல் பிபிசியில் வந்த மான்டி பைத்தான் நகைச்சுவைக் காட்சி ஒன்றில், ஓட்டலில் எதைக் கேட்டாலும் ஸ்பேம், ஸ்பேம் என்றே பதில் வரும். கேட்காமல் வந்து குவிவதற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1982-ல் ஜான் போஸ்டல் என்ற அறிஞர், மெயில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கான விதிகளை எழுதினார். அதற்கு ஒதுக்கிய வாசல் எண் 25. ஆங்கிலத்தில் அந்த வாசலுக்கும் 'போர்ட்' என்றுதான் பெயர், நம் ஊர் துறைமுகத்தைச் சொல்வதுபோலவே. ஒரு வித்தியாசம் உண்டு. நம் துறைமுகத்தில் கேட் பாஸ் இல்லாமல் ஒரு லாரி நகர முடியாது. அந்த 25-ஆம் வாசலில் காவலே கிடையாது. அன்றைக்கு இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். யார் யாரைச் சந்தேகப்படுவது?

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். மூலம். பிறகு தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. 2003-ல் பரவிய சோபிக் போன்ற புழுக்களோடு ஆட்டமே மாறியது. ஸ்பேம் அனுப்புகிறவன் தன் கணினியை விட்டுவிட்டு, உங்கள் கணினியிலும் என் கணினியிலும் புகுந்து அங்கிருந்து அனுப்பத் தொடங்கினான். முத்துக்குளிப்பில் ஆயிரம் சிப்பி திறந்தாலும் சில முத்துதான் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு சிப்பிக்கும் ஒருவன் மூச்சடக்கி மூழ்க வேண்டும். ஸ்பேம்காரனுக்கு மூச்சும் போவதில்லை, காசும் போவதில்லை. லட்சம் மெயிலில் ஒருவர் ஏமாந்தால் போதும்.

இனி 2009-க்கு வருகிறேன்.

என் மாணவன் ஒருவன் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஆபீசில் பத்துப் பன்னிரண்டு கணினிகள், எல்லாவற்றுக்கும் வெளியே போக ஒரே இணைப்பு. வெளி உலகுக்கு அத்தனையும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். ஒரு நாள் வெளிநாட்டுக் கப்பல் உரிமையாளர்களுக்கு அனுப்பிய மெயில்கள் எல்லாம் திரும்பி வந்தன. அந்த முகவரி ஸ்பேம் அனுப்புவோர் கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. கப்பல் வெளியே நிற்கிறது, கடிதம் போகவில்லை.

பழி அவன் மேல் விழுந்தது. "ராத்திரி உக்காந்து காசு வாங்கிட்டு விளம்பரம் அனுப்புறியா?" என்று கேட்டு, வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவன் வீட்டில் இருந்தபோதும் மெயில் போவது நிற்கவில்லை. அப்புறம்தான் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்தார்கள்.

அவர் செய்தது எளிய வேலை. ரவுட்டரில் பதிவாகியிருந்ததை எடுத்து, உள்ளேயிருந்து எந்தக் கணினி வெளியே 25-ஆம் வாசலுக்குப் போகிறது என்று பார்த்தார். ஒழுங்கான கணினிகள் தங்கள் மெயில் நிறுவனத்தின் ஒரே சர்வருக்குப் போயின. ஒன்று மட்டும் அதிகாலை 2 மணிக்கும் நூற்றுக்கணக்கான சர்வர்களைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது.

பிறகு அந்தக் கணினியைத் துடைத்து, மென்பொருளைப் புதிதாக ஏற்றினார்கள். பாஸ்வேர்டுகளை மாற்றினார்கள். 25-ஆம் வாசலை ஆபீஸ் முழுவதற்கும் அடைத்துவிட்டு, பாஸ்வேர்டு கேட்கும் 587-ஆம் வாசல் வழியாக மட்டும் மெயில் போகும்படி செய்தார்கள். அதன் பிறகே பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி எழுதினார்கள். இந்த வரிசை முக்கியம். ஓட்டையை அடைக்காமல் பெயரை நீக்கினால் மறுநாளே திரும்ப ஏறிவிடும்.

இது அந்த ஒரு ஆபீசின் கதை மட்டுமல்ல. 2012-ல் ஸோஃபோஸ் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், உலகிலேயே அதிக ஸ்பேம் கிளம்பிய நாடு இந்தியா. நாம் எல்லாரும் ஏமாற்றுக்காரர்களா என்ன? சுத்தம் செய்யாத கணினிகள் அதிகம், அவ்வளவுதான். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கியது. இப்படி அடிமையான கணினிகளைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்ய இலவசக் கருவிகள் தருகிறார்கள்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

வேலை திரும்பக் கிடைத்ததும் அந்தப் பையன் என் வீட்டுக்கு மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தான். "முன்னாடி இருக்கிற கம்ப்யூட்டர்தான் டீச்சர். யாரோ வைரஸ் உள்ள பென்டிரைவ் போட்டிருக்காங்க" என்றான். எனக்குக் கை நின்றுவிட்டது. அதற்குச் சில வாரம் முன்பு, பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழை பிரிண்ட் எடுக்க அவன் ஆபீசுக்குப் போனது நான். பிரவுசிங் சென்டரில் எல்லாம் செருகிய என் பென்டிரைவைப் போட்டது அதே கணினியில். என்னுடையதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

அன்று நான் வாய் திறக்கவில்லை. தப்பு செய்தவர் எழுந்து நில்லுங்கள் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! நின்றவர்களை நான் அடித்ததில்லை. ஆனால் என் முறை வந்தபோது நான் உட்கார்ந்தே இருந்தேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். இன்று எழுந்து நிற்கிறேன். மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீசில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் ரவுட்டரைப் பாருங்கள். சின்னப் பையன் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்