வரைபடமும் வாக்குறுதியும்: மான்ட்கொமரி கவுண்டியின் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் வரலாறு (1927–2022)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டன் நகரின் வடமேற்கு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மான்ட்கொமரி கவுண்டி. நகர விரிவாக்கத்தின் கடும் அழுத்தத்திற்கிடையே 93,000 ஏக்கர் நிலத்தை வேளாண்மைக்கென ஒதுக்கிய இதன் முயற்சி, திட்டமிடல் வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது. இவ்வொதுக்கீடு 1964ஆம் ஆண்டுப் பொதுத் திட்டத்தின் நேரடி விளைவாகக் கருதப்படுவதுண்டு. அத்திட்டம் வரைந்த பசும்பரப்பு, சட்டவலிமை வாய்ந்த மண்டல வகைப்பாட்டையும் நில உரிமையாளரின் இழப்புக்கு ஈடு காணும் வழியையும் பெறும்வரை வரைபட அளவிலேயே நின்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அந்த ஈட்டின் சுமை யார்மீது விழுந்தது என்ற வினாவையும் எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: மண்டல வகைப்பாடு, மண்டல மாற்றம், பொதுத் திட்டம், வேளாண் காப்புப் பகுதி, மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை.

முன்னுரை

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு. நம் மாவட்டத்தோடு ஒப்பிடத்தக்கது. எனினும், தேர்ந்தெடுக்கப்பட்ட அவையையும் நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் உடையதாகப் பல கவுண்டிகள் விளங்குகின்றன. இவற்றின் திட்ட ஆணையத்திற்கு இருவகைப் பணிகள் உண்டு. இருபது, முப்பது ஆண்டுகளை முன்னோக்கி நிலப்பரப்பு முழுவதற்கும் திட்டம் வகுத்தல் ஒன்று. குறிப்பிட்ட மனையின் வகைப்பாட்டை மாற்றக் கோரும் விண்ணப்பத்தை ஆய்ந்து அவைக்குப் பரிந்துரைத்தல் மற்றொன்று. முதற்பணி தொலைநோக்குடையது, இரண்டாம் பணி அன்றாடமானது. இவ்விரண்டும் முரண்படும்போது எது வெல்கிறது என்பதே ஒரு கவுண்டியின் நிலவரலாற்றைத் தீர்மானிக்கிறது. மான்ட்கொமரியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஆணையத்தின் தோற்றம்

நகர் முழுமைக்குமான மண்டல வகைப்பாட்டு விதிகளை நியூயார்க் 1916இல் இயற்றியது. ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்னும் சிற்றூருக்கும் ஆம்ப்ளர் என்னும் நில வணிக நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில், இத்தகைய விதிகள் அரசமைப்புக்கு உட்பட்டவையே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே மேரிலாந்து சட்டமன்றம், மான்ட்கொமரி, பிரின்ஸ் ஜார்ஜஸ் ஆகிய இரு கவுண்டிகளுக்கும் பொதுவாக மேரிலாந்து தேசியத் தலைநகரப் பூங்கா மற்றும் திட்ட ஆணையத்தை உருவாக்கியது.

ஆணையத்தின் பிறப்பைப் பொதுநல நோக்கம் ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது. அதன் உருவாக்கத்தில் முன்னின்ற எட்வர்ட் புரூக் லீ, அக்காலக் கவுண்டி அரசியலின் செல்வாக்கு மிக்க தலைவர். சில்வர் ஸ்பிரிங் வட்டாரத்தில் நிலத்தை மனைகளாக்கி விற்றவரும் அவரே. சீரான சாலைகள், ஓடையோரப் பூங்காக்கள், ஒருவீட்டு மனைகளுக்கான பாதுகாப்பு ஆகியவை நிலமதிப்பை உயர்த்தும் என்பதை நில வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர். அவர் விற்ற மனைகளின் பத்திரங்கள் கறுப்பின மக்கள் அங்குக் குடியேறுவதைத் தடுத்தன. இனத்தின் அடிப்படையில் மண்டலம் வகுப்பதை உச்ச நீதிமன்றம் 1917இலேயே தடைசெய்திருந்தது. ஆயினும், பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் வழியாக நிறைவேற்றும் நிலை 1948 வரை நீடித்தது. திட்டமிடல் தோன்றிய காலத்திலேயே ‘யாருக்காக’ என்னும் வினா அதனுள் பொதிந்திருந்தது என்பது இதனால் பெறப்படும்.

ஆப்புகளும் வழித்தடங்களும்

கவுண்டியின் மக்கள்தொகை 1940இல் 83,912, 1950இல் 1,64,401, 1960இல் 3,40,928. இருபதே ஆண்டுகளில் நான்கு மடங்கான இப்பெருக்கத்தை எதிர்கொள்ள வகுக்கப்பட்டதே 1964இல் ஏற்கப்பட்ட ‘ஆப்புகளும் வழித்தடங்களும்’ என்னும் பொதுத் திட்டம். தலைநகர் வட்டாரம் முழுமைக்கும் 1961இல் வெளியான ‘2000ஆம் ஆண்டுக் கொள்கைத் திட்டம்’ இதற்கு முன்மாதிரியாயிற்று.

திட்டத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது. நகரிலிருந்து விரல்கள்போல் நீளும் போக்குவரத்து வழித்தடங்களில் குடியிருப்பும் தொழிலும் செறிய வேண்டும். விரல்களுக்கிடையே ஆப்பு வடிவில் அமையும் பரப்பு வயலாகவும் காடாகவும் நிலைக்க வேண்டும். கோபன்ஹேகன் நகரின் 1947ஆம் ஆண்டு ‘விரல் திட்டமும்’ இவ்வுருவகத்தையே கொண்டிருந்தது. மான்ட்கொமரியில் ராக்வில், கெய்தர்ஸ்பர்க், ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க் ஆகியவை வழித்தட நகரங்களாகக் குறிக்கப்பட்டன.

வரைபடத்தில் பசுமையாகத் தீட்டப்பட்ட ஆப்புப் பகுதிக்கு நடைமுறையில் இருந்த மண்டல விதியோ வீட்டுமனைப் பிரிவுகளை அனுமதித்தது. பொதுத் திட்டம் பரிந்துரைத் தன்மையது. மண்டல விதியே சட்டம். ஆகவே, திட்டம் ஒன்றைச் சொல்ல, சட்டம் வேறொன்றுக்கு இடமளித்தது.

மண்டல மாற்றமும் ‘மாற்றம் அல்லது தவறு’ நெறியும்

இவ்விடைவெளியில்தான் மண்டல மாற்ற விண்ணப்பங்கள் பெருகின. ஆணையம் பரிந்துரைக்கலாம், முடிவெடுக்கும் அதிகாரம் கவுண்டி அவையிடமே இருந்தது. 1962 முதல் 1966 வரை பதவியிலிருந்த அவை, திட்டத்திற்கு ஒவ்வாத பல மாற்றங்களை இசைந்தளித்தது. 1966ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றபின், புதிய அவை பொறுப்பேற்கும் முன் எஞ்சியிருந்த நாள்களிலும் அது பல விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தந்தமை பெரும் கண்டனத்திற்குள்ளாயிற்று.

இத்தகைய தனித்தனி மாற்றங்களைக் கட்டுப்படுத்த மேரிலாந்து நீதிமன்றங்கள் வளர்த்த நெறி இங்கு நோக்கத்தக்கது. கவுண்டி முழுமைக்கோ பெரும்பகுதிக்கோ ஒருங்கே செய்யப்பட்ட வகைப்பாடு சரியானது என்றே கொள்ளப்படும். ஒரு மனைக்கு மட்டும் மாற்றம் கோருபவர், அவ்வகைப்பாட்டில் தொடக்கத்திலேயே தவறு நேர்ந்தது என்றோ, அதன்பின் சுற்றுப்புறத்தின் தன்மை கணிசமாக மாறிவிட்டது என்றோ மெய்ப்பிக்க வேண்டும். நெறி கடுமையானது; எனினும் அதனுள் ஒரு விரிசல் உண்டு. இன்று வழங்கப்படும் மாற்றம், அண்டை நிலத்தார் நாளை முன்வைக்கும் ‘சுற்றுப்புற மாற்றத்திற்கு’ச் சான்றாகிவிடுகிறது. ஒரு செங்கல் பெயர்ந்தால் அடுத்தது தானே தளர்வதுபோல, ஒற்றை இசைவு ஒரு வட்டாரத்தின் போக்கையே மாற்ற வல்லது. எனவே, விண்ணப்பத்திற்கு விண்ணப்பம் போராடுவதை விடுத்து, பகுதித் திட்டம் ஒன்று ஏற்கப்பட்டவுடன் அதற்கேற்ப அப்பகுதி முழுவதையும் ஒருசேர மறுவகைப்படுத்தும் முறை வலுப்பெற்றது.

ஐந்து ஏக்கரின் படிப்பினை

1970இல் மக்கள்தொகை 5,22,809 ஆயிற்று. கழிவுநீர்க் குழாய்களின் கொள்ளளவு போதாமையால் 1970களின் தொடக்கத்தில் புதிய இணைப்புகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பள்ளி, சாலை, குழாய் ஆகியவை போதுமான அளவில் இருந்தாலன்றி மனைப்பிரிவுக்கு இசைவில்லை என்னும் விதி 1973இல் இயற்றப்பட்டது. ஆப்புப் பகுதிக்கும் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்னும் ‘ஊரக மண்டலம்’ வகுக்கப்பட்டது.

வயலைக் காக்கும் என்று நம்பப்பட்ட இவ்விதி அதைச் சிதைக்கவே செய்தது. ஐந்து ஏக்கர், செல்வர் ஒருவரின் தோட்ட மாளிகைக்கு ஏற்றது. குடும்பம் ஒன்று உழுது பிழைக்கப் போதாதது. நூறு ஏக்கர்ப் பண்ணை இருபது மாளிகைகளாகப் பிரியும்போது, இடையே எஞ்சும் நிலத்தில் அறுவடை இயந்திரம் திரும்பக்கூட இடமிராது. அடர்த்தியைக் குறைத்தால் நிலம் தப்பும் என்னும் கருத்து முழுமையானதன்று என்பதை ஆணையம் இதன்மூலம் உணர்ந்தது.

1980: உரிமையை நிலத்திலிருந்து பிரித்தல்

1972 முதல் 1981 வரை மான்ட்கொமரி திட்ட வாரியத்தின் தலைவராயிருந்தவர் அரசியல் அறிஞர் ராய்ஸ் ஹான்சன். அவர் காலத்தில், 1980ஆம் ஆண்டு, வேளாண்மையையும் ஊரகத் திறந்தவெளியையும் பேணுவதற்கான முழுமைத் திட்டம் ஏற்கப்பட்டது. கவுண்டியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான 93,000 ஏக்கர் காப்புப் பகுதியாயிற்று. அதன் பெரும்பகுதியில் 25 ஏக்கருக்கு ஒரு வீடு என வரையறுக்கப்பட்டது. விளைபொருளை நேரடியாகச் சந்தைப்படுத்தும் குடும்பம் ஒன்று தாக்குப்பிடிக்கத்தக்க சிறும அளவாக 25 ஏக்கர் கருதப்பட்டது.

இவ்வாறு குறைப்பதால் உழவர் இழக்கும் நிலமதிப்புக்கு விடையாக அமைந்தது மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை. நூறு ஏக்கர் உடைய ஒருவரைக் கொள்வோம். பழைய விதிப்படி அவர் இருபது வீடுகள் கட்டலாம். புதிய விதிப்படி நான்கே. ஆனால், ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்னும் பழைய கணக்கிலேயே அவருக்கு இருபது உரிமைகள் உண்டு. கட்டத்தக்க நான்கு வீடுகளுக்கென நான்கை வைத்துக்கொண்டு, எஞ்சிய பதினாறையும் அவர் விற்கலாம். வாங்கும் கட்டுமான நிறுவனம், ‘பெறும் பகுதி’ எனக் குறிக்கப்பட்ட இடத்தில் வழக்கமான அளவைவிடக் கூடுதல் வீடுகள் கட்டும். விற்றவரின் நிலத்தின்மீது நிலையான தடைப் பத்திரம் பதிவாகும். அரசு கருவூலத்திலிருந்து பணம் தராமல், வளர்ச்சியால் ஆதாயம் பெறுவோரிடமிருந்தே ஈடு பெறும் ஏற்பாடு இது. வரைபடத்தில் நிறமாக மட்டும் இருந்த வாக்குறுதி, பத்திரப் பதிவேட்டில் இடம்பெற்றது இப்போதுதான். 50,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இவ்வழியில் காக்கப்பட்டுள்ளது. அதே 1964ஆம் ஆண்டுத் திட்டத்திற்கு உட்பட்டிருந்த பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் இத்தகைய காப்புப் பகுதி உருவாகவில்லை என்பது, வரைபடம் மட்டும் போதாது என்னும் கருத்துக்கு அரண் செய்கிறது.

1987ஆம் ஆண்டுத் தீர்ப்பு

அனுப்பும் பகுதிக்கு நன்மை என்றால், பெறும் பகுதிக்கு அது சுமை. தம் சுற்றுப்புறத்தில் கூடுதல் வீடுகளை ஏற்க விரும்பாத மேற்கு மான்ட்கொமரி குடிமக்கள் சங்கம் வழக்குத் தொடுத்தது. மேரிலாந்தின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் 1987இல் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உரிமை மாற்றம் என்னும் கருத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. பெறும் பகுதியின் அடர்த்தி முழுமைத் திட்டத்தின் வழியே தீர்மானிக்கப்பட்டதையே அது பிழையெனக் கண்டது. மண்டல அதிகாரம், அறிவிப்பு, விசாரணை ஆகியவற்றோடு கூடிய மண்டலச் சட்ட நடைமுறையின் வழியே செலுத்தப்பட வேண்டும் என்பது அதன் முடிவு. கவுண்டி அதற்கேற்பப் புதிய மண்டல வகைகளை இயற்றி ஏற்பாட்டை மீட்டெடுத்தது. திட்டத்திற்கும் சட்டத்திற்கும் இடையிலான வேறுபாடு 1960களில் வயல்நிலத்தை வலுவிழக்கச் செய்தது. 1987இல் அதே வேறுபாடு குடியிருப்போரின் கேட்கப்படும் உரிமைக்கு அரணாயிற்று.

சுமை யாருக்கு

காப்புப் பகுதியின் வெற்றி, வழித்தடங்களில் போதிய வீடுகள் எழுவதைப் பொறுத்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த கவுண்டிச் சட்டம், பெரிய குடியிருப்புத் திட்டங்களில் ஒரு பங்கு வீடுகள் நடுத்தர வருவாயினர்க்கு எட்டும் விலையில் அமைய வேண்டும் என விதித்தது. அமெரிக்காவில் இவ்வகையில் முன்னோடியாக அது மதிக்கப்படுகிறது. மெட்ரோ இரயில் 1984இல் ஷேடி குரோவ் வரை நீண்டது. ஆயினும், கவுண்டியின் பெரும்பரப்பு ஒருவீட்டு மனைக்கே உரியதாகத் தொடர்ந்தது. ஆப்பில் வீடு கூடாது. ஒருவீட்டுத் தெருவில் அடுக்ககம் கூடாது. எஞ்சிய சிறுபரப்பே பத்து இலட்சத்தைக் கடந்த மக்களின் வளர்ச்சியைத் தாங்க வேண்டும். 2020இல் மக்கள்தொகை 10,62,061. இந்நெருக்கடியின் விலையை வாடகைக் குடியிருப்போரும் புதிதாகக் குடியேறுவோரும் செலுத்துகின்றனர்.

2022 அக்டோபரில் கவுண்டி அவை ‘திரைவ் மான்ட்கொமரி 2050’ என்னும் புதிய பொதுத் திட்டத்தை ஏற்றது. ஒருவீட்டு வட்டாரங்களில் பலவகை வீடுகளுக்கு இடமளிப்பது குறித்து அதன் உருவாக்கத்தின்போது கடும் விவாதம் எழுந்தது. அதே மாதத்தில் திட்ட வாரிய உறுப்பினர் ஐவரும் பதவி விலகினர். வாரியம் மாறியது, திட்டம் நிறைவேறியது. காப்புப் பகுதி புதிய திட்டத்திலும் தொடர்ந்தது. எனினும், அதற்குள்ளும் புதிய கோரிக்கைகள் எழுந்துள்ளன. சூரிய மின் நிலையங்களுக்கு அங்கு இடமளிப்பது பற்றிய விவாதத்தின் முடிவில், வளமிக்க மண்வகைகளை விலக்கிக் கட்டுப்பாடுகளோடு 2021இல் இசைவளிக்கப்பட்டது.

முடிவுரை

மான்ட்கொமரியின் வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, நெடுநோக்குத் திட்டம் மண்டல விதியாக உருப்பெறும்வரை அது விருப்பமே. 1964க்கும் 1980க்கும் இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் துண்டான பண்ணைகள் இதற்குச் சான்று. இரண்டாவது, நிலத்தின் மதிப்பைக் குறைக்கும் விதி, இழப்போர்க்கு ஈடு காணும்போதே ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நிலைக்கிறது. மூன்றாவது, ஓரிடத்தில் தடுக்கப்படும் வீடு வேறோரிடத்தில் எழுந்தாக வேண்டும். எழாவிடில் அத்தடையின் விலை, திட்ட விசாரணைகளுக்கு வந்து பேச வாய்ப்பற்றவர்கள்மீது விழுகிறது. உழவரின் இழப்பைக் கணக்கிட்டு ஈடு காண 1980ஆம் ஆண்டுத் திட்டத்திற்கு முடிந்தது. வீடு கிட்டாதோரின் இழப்பைக் கணக்கிடும் அத்தகைய ஏற்பாடு இன்னும் முழுமை பெறவில்லை. இனிவரும் ஆய்வுகள் இத்திசையில் விரிவடைதல் பயன்தரும்.