பிஷப்பா, பை-ஷப்பா?

நீளமான இங்கிலீஷ் வார்த்தை வரிக் கடைசியில் இடம் பத்தாமல் உடைந்து, சின்னக் கோடு போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கே உடைப்பது? அது அச்சுக்காரர் கவலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொஞ்சம் நோண்டினால், ஒரு காலத்தில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்ததே இதை நம்பித்தான்.

1740-ல் இங்கிலாந்தில் வந்த தாமஸ் டில்வொர்த்தின் பாடப்புத்தகம் அமெரிக்கக் காலனிகளிலும் ஓடியது. அதன் விதி: நடுவில் வரும் மெய், பின்னால் வரும் அசையோடு சேரும். இதில் ஒரு சிக்கல். இங்கிலீஷில் அசை உயிரெழுத்தில் முடிந்தால் வாய் தானாக நீட்டிவிடும். அப்போது பிஷப் 'பை-ஷப்' ஆகும், க்ளஸ்டர் 'க்ளூ-ஸ்டர்' ஆகும்!

1782-ல் நியூயார்க் மாகாணத்து கோஷனில் வாத்தியாராக இருந்த நோவா வெப்ஸ்டர், அடுத்த வருஷமே ஹார்ட்ஃபோர்டில் தன் சொந்த ஸ்பெல்லிங் புத்தகத்தைப் போட்டார். அவர் வாதம் எளிது: காதில் விழுகிற மாதிரி வெட்டு. அழுத்தம் விழும் அசை குறிலாக இருந்தால் அடுத்த மெய்யை அதனோடேயே விடு. பிஷ்-அப், க்ளஸ்-டர். 'நேஷன்' மாதிரி வார்த்தைகளின் வாலை டில்வொர்த் இரண்டு அசையாக வெட்டினார், வெப்ஸ்டர் ஒன்றாக்கினார். நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

ஆனால் பிரிட்டிஷ் அச்சகங்கள் வேர்ச்சொல்லைத்தான் பார்த்தன. 'நாலெட்ஜ்' என்பதை 'நோ' என்ற வினைச்சொல் முடியும் இடத்தில் வெட்டுவார்கள். அமெரிக்கர் வெட்டு 'நால்-எட்ஜ்'.

அழுத்தம் நகர்ந்தால் வெட்டும் நகரும். ஃபோட்டோகிராஃப் என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'கிராஃப்' முழுசாக நிற்கும். ஃபோட்டோகிராஃபி ஆனதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது: ஃப-டாக்-ர-ஃபி. 'கிராஃப்' இரண்டாகப் பிளந்துவிட்டது. நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வதால் இந்தத் தாவல் நம் காதில் விழுவதே இல்லை.

1983-ல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங், டெக் மென்பொருளுக்காக 4,447 எழுத்துக்கோலங்களை வைத்து இந்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படியும் 14 விதிவிலக்குகள் தேவைப்பட்டன. அதில் ஒன்று 'ப்ரெசென்ட்'. பரிசு என்றால் ப்ரெஸ்-என்ட். வழங்கு என்றால் ப்ரி-சென்ட். எழுத்து ஒன்றுதான், அழுத்தம் வேறு. எழுத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு எது என்று எப்படித் தெரியும்? அதனால் அந்த வார்த்தையை வெட்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

வெப்ஸ்டர் 200 வருஷத்துக்கு முன்பு சொன்னதும் அதுதானே: காதைக் கேட்காமல் கத்தியை எடுக்காதே.