கோட்டையும் வாசலும்

அனந்தபுரத்தைச் சூழ வாழும் நமக்குச் செஞ்சிக் கோட்டை புதியதன்று. மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் அம்மதில்களை 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டு நின்றது. உள்ளே இருந்தோர்க்கு மதில் காவல். வெளியே நின்றோர்க்கோ அதே மதில் தடை.

மருத்துவத் தொழிலும் ஒரு வகையில் மதில் சூழ்ந்த ஊரே. கல்லாதவன் கையில் நோயாளி சிக்காதிருக்கப் பட்டமும் தேர்வும் பதிவும் வேண்டும். அம்மதிலை நாம் குறைகூற இயலாது. ஆனால், வாசற்காவலன் வருகிறவனின் அறிவைப் பாராமல் அவனது பெயரையும் நிறத்தையும் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும்? வெளியே நிறுத்தப்பட்டோர் ஒன்றுகூடுவர். கடல் கடந்த நம் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் கண்ட சங்கங்களின் வரலாறு இதுவே. “படித்தவர்களுக்கு எதற்குத் தனிச் சங்கம்? இது பிரிவினை அன்றோ?” என்று கேட்போர் நம்மிடையே உளர். அக்கேள்விக்கு விடை காணவே இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கிறோம்.

அதன் தொடக்கம் நம் மண்ணிலேயே உள்ளது. 1855ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணிக்கான போட்டித் தேர்வு இந்தியருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆயினும் தேர்வு நடந்தது இலண்டனில். சூரிய குமார் சக்கரவர்த்தி என்ற வங்காளத்துக் கிறிஸ்தவர் அவ்வாண்டே தேறி அப்பணியில் நுழைந்தார். அவருக்குப்பின் நெடுங்காலம் உயர்பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தன. 1928 டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய மாநாட்டில் இந்திய மருத்துவர்கள் தமக்கென அகில இந்தியச் சங்கம் ஒன்றை நிறுவினர். இன்றைய இந்திய மருத்துவச் சங்கம் அதுவே. 1930இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கு அளித்துவந்த ஏற்பை நிறுத்தியபோது, இத்தகைய அமைப்பின் தேவை எல்லோர்க்கும் புலனாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் காட்சி மாறியது. 1948இல் பிரிட்டன் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. அதற்கு மருத்துவர்கள் போதவில்லை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பலர் கப்பலேறினர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். உள்நாட்டு மருத்துவர் செல்லத் தயங்கிய சுரங்க ஊர்களும் ஆலை நகரங்களும், முதியோர் மருத்துவமும் மனநோய் மருத்துவமும் பெரும்பாலும் இவர்கள் பங்காயின. ஏழைத் தொழிலாளியின் வீட்டுக் கதவை நள்ளிரவிலும் தட்டியவர் அங்கே பலவேளை ஓர் இந்தியரே.

1975ஆம் ஆண்டில் அதே கவுன்சில் இந்தியப் பட்டங்களின் ஏற்பை மீண்டும் விலக்கிக்கொண்டது. வெளிநாட்டில் பயின்றோர்க்குத் தனித் தேர்வும் வந்தது. தேர்வு தவறன்று. ஆயினும் கூட்டமாக ஐயத்திற்கு உள்ளாக்கப்பட்டதே அவர்களை வருத்தியது. அவ்வாண்டே வெளிநாட்டு மருத்துவர் சங்கம் பிறந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் பன்னாட்டு மருத்துவர் சங்கம் எனப் பெயர் மாறிய அவ்வமைப்பு, மருத்துவர்க்கும் பல் மருத்துவர்க்கும் தகுதி ஒன்றே அளவுகோலாக வேண்டும் என்பதைத் தன் நோக்கமாகக் கொண்டது.

அவர்களது மனக்குறை வெறும் கற்பனையா? இலண்டனின் புனித ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் மாணவர் தேர்வுக்குப் பயன்பட்ட கணினி நிரல், பெண்களையும் ஐரோப்பியரல்லாப் பெயர் உடையோரையும் பின்னுக்குத் தள்ளியதை இனச் சமத்துவ ஆணையம் 1988இல் வெளிப்படுத்தியது. அந்நிரல் தானாகத் தீங்கு கற்கவில்லை. மனிதர் அதுவரை தேர்ந்தெடுத்த முறையையே அது பின்பற்றியது! 1993இல் அனீஸ் எஸ்மாயில், சாம் எவரிங்டன் என்னும் இரு மருத்துவர்கள் ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களை ஆங்கிலப் பெயரிலும் ஆசியப் பெயரிலும் அனுப்பிப் பார்த்தனர். ஆங்கிலப் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு இருமடங்கு வாய்ப்பாக இருந்தது. போலி விண்ணப்பம் அனுப்பியதாக அவ்விருவரும் கைது செய்யப்பட்டது இதில் வேதனையான பகுதி.

1996இல் இந்திய வம்சாவளி மருத்துவர்க்கென மற்றொரு சங்கம் எழுந்தது. இந்திய மருத்துவர்க்குப் பயிற்சியிடங்களை அடைத்த அரசு வழிகாட்டுதலை எதிர்த்து அது வழக்காடி, 2008இல் பிரபுக்கள் அவையில் வென்றது. பொதுநல மருத்துவர் தேர்வு பற்றி அது தொடுத்த வழக்கு 2014இல் தோற்றது. வெற்றியும் தோல்வியும் கலந்த இந்நெடும் பயணத்தில் 2020 வந்தது. கொரோனாவுக்குப் பிரிட்டனில் முதலில் பலியானதாக அறியப்பட்ட பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர். வாசலில் ஐயுறப்பட்டவர்களின் இனத்தார் உள்ளே முதலில் உயிர் கொடுத்தார்கள்.

திருச்சபையின் தொடக்கத்திலும் இப்படியொரு மனக்குறை எழுந்ததை நாம் மறந்துவிடுகிறோம். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முணுமுணுத்ததைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. திருத்தூதர்கள் அதைப் பிரிவினை என்று அடக்கவில்லை. எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை கூறியோர் கையிலேயே பந்தியின் பொறுப்பு வந்தது. அதன்பின் இறைவார்த்தை மேன்மேலும் பரவியது என்று நூலாசிரியர் தொடர்ந்து எழுதுவது தற்செயலன்று என எண்ணுகிறோம்.

ஆகவே, அநீதி கண்டு கூடுவோர் ஒற்றுமையைக் குலைப்பவர் அல்லர். ஒற்றுமை முன்பே குலைந்திருப்பதை அவர்கள் நமக்குக் காட்டுகிறார்கள். ஆயினும் இவ்வரலாறு நம்மை இன்னொரு கேள்விமுன் நிறுத்துகிறது. நம் பிள்ளை இலண்டனில் பெயரால் ஒதுக்கப்பட்டான் என்று கேட்டால் நெஞ்சு கொதிக்கிறது. நம் ஊரில் ஒருவனது தெருவின் பெயரைக் கேட்டு அவனை அளக்கும்போது அந்நெஞ்சு ஏன் குளிர்ந்து கிடக்கிறது? ஒரே அப்பத்தில் பங்குபெற்றோரைச் சாவிலும் பிரித்துவைத்த கல்லறைத் தோட்டங்கள் தமிழகத் திருச்சபையில் இருந்ததை அறியாதவர் யார்? அங்கே நீதி கேட்டு எழுந்த தலித் கிறிஸ்தவர்களைப் “பிரிவினை பேசுவோர்” என்று அழைத்தவர்களும் நம்மவரே.

பகைமை என்னும் தடைச்சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என்று புனித பவுல் எபேசியர்க்கு எழுதுகிறார். செஞ்சியின் மதில்களை இன்று உலகமே பாரம்பரியச் சின்னமாகப் போற்றுகிறது. 2025இல் யுனெஸ்கோ அவற்றைத் தன் பட்டியலில் சேர்த்தது. போர் ஓய்ந்துவிட்டதால் அம்மதில்களைக் கண்டு நாம் மகிழலாம். நம்மிடையே உள்ள மதில்களோ இன்னும் காவலில் நிற்கின்றன. அடுத்த முறை நம் பங்குப் பேரவையில் எவரேனும் எழுந்து, “எங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை” என்னும் பொருள்பட ஒரு குறையைச் சொல்வாராயின், அவரை அமரச் சொல்லாமல், திருத்தூதரைப்போல் செவிசாய்க்கும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக.