எலிப் புழுக்கை சொன்ன சேதி



"இம்யூனோதெரபி ஒருவருக்கு நன்றாகக் கேட்கிறது, அதே மருந்து இன்னொருவருக்குக் கேட்கவில்லையே, ஏன் சார்?" என்று உங்களில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முழு விடை மருத்துவ உலகத்திடமே இன்னும் இல்லை. விடையில் ஒரு துண்டு கிடைத்த கதையைச் சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் டி செல்கள் என்ற காவல்காரர்கள் உண்டு. அவை சொந்த உடம்பின் மேலேயே பாய்ந்துவிடாமல் இருக்க உடம்பு சில பிரேக்குகளை வைத்திருக்கிறது. புற்றுக்கட்டி அந்தப் பிரேக்கை அழுத்திவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். பிரேக்கை விடுவிக்க வழி காட்டிய அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியரான தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகையின் முதல் மருந்து 2011இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.

இனி சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். அங்கே தாமஸ் கஜெவ்ஸ்கியின் ஆய்வுக்கூடத்தில் ஒரே மரபு வழியைச் சேர்ந்த சுண்டெலிகளை ஜாக்சன், டகோனிக் என்ற இரண்டு நிறுவனங்களிலிருந்து வாங்கினார்கள். இரண்டுக்கும் ஒரே மெலனோமா கட்டியை வைத்தார்கள். டகோனிக் எலிகளில் கட்டி வேகமாக வளர்ந்தது. ஜாக்சன் எலிகளில் மெதுவாக வளர்ந்தது. பிறகு இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் சேர்த்து வைத்திருந்து சோதித்தார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது!

எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். (முகம் சுளிக்காதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.) புழுக்கை வழியாகக் குடல் நுண்ணுயிர்கள் இடம் மாறியிருந்தன. அவற்றில் பிஃபிடோபாக்டீரியம் என்ற வகையைத் தேடிப் பிடித்து டகோனிக் எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். அதுவே பிரேக்கை விடுவிக்கும் மருந்து அளவுக்கு வேலை செய்தது. மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றேபோனது. பாக்டீரியா என்றாலே நோய் என்று பரீட்சையில் எழுதிய உங்கள் பழைய விடைத்தாள்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

இந்த ஆய்வு 2015 நவம்பரில் சயன்ஸ் இதழில் வந்தது. பாரிஸ் அருகே குஸ்தாவ் ரூசி நிலையத்தில் லாரன்ஸ் சிட்வோகெல் குழு செய்த ஆய்வும் அதோடு சேர்ந்தே வந்தது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளிலும், ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடலைத் துடைத்த எலிகளிலும் அலிசன் வழி மருந்து எடுபடவில்லை என்று அவர்கள் கண்டார்கள்.

மனிதர்களுக்கு என்ன என்ற கேள்விக்கு 2018 ஜனவரியில் மூன்று குழுக்கள் பதில் தந்தன. மருந்து கேட்டவர்களின் குடலும் கேட்காதவர்களின் குடலும் வேறு வேறாக இருந்தன. ஆனால் எந்த நுண்ணுயிர் நல்லது என்பதில் மூன்று பட்டியல்களும் பொருந்தவில்லை. சிகிச்சை தொடங்கும் சமயத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததாகப் பாரிஸ் குழு சொன்னது. ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டவர்கள் முன்பே நலிந்தவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? அதனால் இதை மட்டும் வைத்து யாரும் டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம்தான் ஆபத்து.

2021இல் துணிச்சலான சோதனை ஒன்று நடந்தது. மருந்து கேட்ட மெலனோமா நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை, கேட்காதவர்களின் குடலில் சேர்த்து, மருந்தை மறுபடி கொடுத்தார்கள். இஸ்ரேலில் 10 பேரில் 3 பேருக்கும், பிட்ஸ்பர்க்கில் 15 பேரில் 6 பேருக்கும் பலன் தெரிந்தது. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அதற்கு முன் கைவிரித்த அதே மருந்து அவர்களில் வேலை செய்தது.

"அப்படியானால் புரோபயாட்டிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?" என்பது உங்களின் அடுத்த கேள்வியாக இருக்கும். அதே ஆண்டு வந்த டெக்சாஸ் ஆய்வில், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்ட மெலனோமா நோயாளிகளுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் கூடியிருந்தது. கடையில் விற்கும் புரோபயாட்டிக் கொடுத்த எலிகளிலோ சிகிச்சையின் பலன் குறைந்தது. ஆகவே வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், டப்பாவை வாங்கும் முன் அவர்களின் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.