லிஸ்பன்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன், தேஜோ ஆறு அட்லாண்டிக் கடலைச் சேருமிடத்துக்கு அருகே குன்றுகளின் மேல் அமைந்த நகரம். 1147இல் அஃபோன்சோ என்ரிக்கஸ் மன்னர் இதை இசுலாமிய ஆட்சியாளர்களிடமிருந்து கைப்பற்றினார். ஆனால் இந்நகரைச் சுற்றிப் பார்க்க வருபவர் 1755ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே நல்லது. அவ்வாண்டு நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை நேரத்தில் நிலநடுக்கம் தாக்கியது. பிறகு ஆழிப்பேரலை, அதன்பின் நாள்கணக்கில் தீ. ஆற்றங்கரை அரண்மனை அழிந்தது. பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர், பைஷா பகுதியை நேர்த்தெருக்களாக மீட்டெடுத்தார். அங்குள்ள வீட்டுச் சுவர்களுக்குள் நிலநடுக்கத்தைத் தாங்கும் மரச்சட்டக் கூண்டுகள் மறைந்திருக்கின்றன. மேலே கார்மோ மடத்தின் தேவாலயம் மட்டும் கூரையின்றி, கல்வளைவுகளோடு அப்படியே விடப்பட்டது. இன்று தொல்லியல் அருங்காட்சியகம்.

இடிவதற்கு முந்தைய நகரைக் காண ஒரு வழியுண்டு. ஓட்டுச்சித்திரங்களுக்கான தேசிய அருங்காட்சியகத்தில், சுமார் 1700இல் வரைந்த 23 மீட்டர் நீளமுள்ள நீல வெள்ளைப் பலகையில் பழைய ஆற்றங்கரை முழுவதும் விரிகிறது. நேரம் குறைவானவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

அந்த நிலநடுக்கத்தில் பெலேம் பகுதி பெருமளவு தப்பியது. அங்குள்ள ஜெரோனிமோஸ் மடத்தைக் கட்டக் கீழை வணிகத்தின் மீதான வரிப்பணம் உதவியது. மிளகு அதில் அடங்காது. வாஸ்கோ ட காமாவின் கல்லறை இங்கே உள்ளது. தமிழருக்கு லிஸ்பனோடு நெருங்கிய உறவொன்று உண்டு: ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட ‘கார்த்தில்யா’ என்னும் மறைக்கல்வி நூல் 1554இல் இந்நகரில்தான் வெளியானது. தமிழ் அச்சு வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது என்பதை இங்கு வரும் தமிழர் அறிந்திருக்க வேண்டும்.

உணவில் முதலிடம் உப்பிட்டு உலர்த்திய காட் மீனுக்கு. தொலைதூர வடகடல்களில் பிடிபட்ட மீன், உப்பின் துணையால் இந்நாட்டின் அன்றாட உணவானது. அதை ஊறவைத்து உதிர்த்து, வெங்காயம், மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், முட்டை சேர்த்துக் கிளறுவது பலரும் விரும்பும் பக்குவம். ஜூன் 12 இரவு, புனித அந்தோணியார் விழாவில், அல்ஃபாமா சந்துகளில் மத்தி மீன் சுடுவார்கள். 1837 முதல் பெலேமில் விற்கும் முட்டைப்பால் பணியாரத்தைச் சூடாக, இலவங்கப்பட்டைத் தூள் தூவி உண்பது வழக்கம்.

அரசு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை திறப்பதில்லை. கார்மோவுக்கு ஞாயிறு விடுமுறை.