நிலம் யாருடையது? - ஒரு மாணவனின் கேள்வி



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ‘நிலைத்தன்மை’ என்னும் சொல்லை விளக்கிக்கொண்டிருந்தேன். நெகிழிப் புட்டிகளைச் சேர்த்தல், துணிப்பை கொண்டு செல்லல் என மாணவர்கள் விடைகளை அடுக்கினர். ஒருவன் மட்டும் எழுந்து, “எங்கள் பாட்டி வாழ்ந்த தோட்டத்தில் குப்பையே சேராதாம், ஐயா. மாடு இருந்ததாம், கீரைப்பாத்தி இருந்ததாம். பிறகு ஏன் அந்தத் தோட்டம் இல்லாமற் போயிற்று?” என்று கேட்டான்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன். நான் பிறந்த தோட்டமும் இன்று இல்லை. அவனுக்குச் சொல்லவேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

அன்றைய இரப்பர்த் தோட்டம் ஒரு முழுச் சிற்றூர். லயம், கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளி அனைத்தும் அதனுள் இருந்தன. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வாறு தோன்றியவையே. ஆனால் இவற்றில் எதுவும் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறினால் ஊரே போகும்.

1950களில் அதுவே நிகழ்ந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். இதற்குத் ‘தோட்டத் துண்டாடல்’ என்று பெயர். பேராசிரியர் உங்கு அஸிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைத் தனி நூலாகவே ஆராய்ந்தார். துண்டு நிலத்தை வாங்கியவருக்கு லயமும் தேவையில்லை, பள்ளியும் தேவையில்லை.

இந்நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேமித்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளர்களை வேண்டினார். அன்றைய பால்வெட்டுக் கூலியில் பத்து வெள்ளி பெருந்தொகை. ஆயினும் கொடுத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன்பின் வேறு தோட்டங்களும் சேர்ந்தன.

கூட்டுறவு எல்லாக் குறையையும் தீர்த்துவிட்டது என்று நான் கூறமாட்டேன். எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. உலகச் சந்தையில் இரப்பர் விலை வீழ்ந்தபோது அதுவும் துன்புற்றது. பிள்ளைகள் நகரம் நோக்கிச் சென்றதையும் அது தடுக்கவில்லை. எனினும் அது நோயின் வேரைத் தொட்டது. இரப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். பின்னர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பலன் தரும். நாளை தன்னை வெளியேற்ற மாட்டார்கள் என்னும் உறுதி உள்ளவன்தானே அவ்வளவு காலத்தை எண்ணி வாழ முடியும்?

ஆகவே அம்மாணவனுக்கு என் விடை இது: “தம்பி, உன் பாட்டி மண்ணைக் கெடுக்கவில்லை. ஆனால் அந்த மண் அவருடையதாக இல்லை.”

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. பகுதி உதவி பெறும் பள்ளிகள் பல இன்னும் பிறர் நிலத்திலேயே நிற்கின்றன. பெற்றோர்களே, பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் கத்தரிச் செடி நடுவது நன்று. நானும் நடச் செய்கிறேன். அதனுடன், அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வியையும் எழுப்புங்கள்: நம் பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது? நிலைத்தன்மைப் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.